ரத்தினவேலைத் தூக்கில் போட்ட குடும்பம்

ஏப்ரல் 28

முதலில் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றதைச் சொல்ல வாய் கூசாது.

என் அப்பாவின் பேனா முள்ளை உடைத்தவன் நான். பல் குத்தும்போது உடைந்தது. கடைவாய்ப் பல்லிடுக்கில் ஒரு கொய்யா விதை மாட்டிக்கொண்டு இரண்டு நாளாக உயிரை வாங்கியது. தீக்குச்சி, குண்டூசி, விளக்குமாற்று ஈர்க்கு என்று வரிசையாகப் போட்டுத் தோற்றுப்போய், கடைசியில் மேசை மேல் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றினேன். 'டிக்' என்றது. விதை வரவில்லை. முள்ளில் பாதி வந்தது. மூன்று நாள் நாக்கு நீலமாக இருந்தது. அம்மாவிடம் நாவல்பழம் தின்றேன் என்றேன். அது மாசி மாதம்; நாவல் மரம் பூத்துக்கூட இருக்காது. சின்ன வயதில் எல்லோரும் செய்வதுதானே என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

அப்பா அம்பலவாணன் ஜில்லா கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். நீதிபதிக்கு ஒரு படி கீழே உட்கார்ந்து வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுப்பவர். ஓய்வு பெற்ற நாளில் வக்கீல்கள் சேர்ந்து அந்தப் பேனாவைப் பரிசளித்தார்கள். தடித்த மெரூன் நிறப் பேனா. ஒரு வருடம்தான் எழுதினார். அவர் போனபின் நான் முள்ளை உடைத்து, உடைத்ததை மறைக்க அதைக் கண்ணாடி ஷோகேஸில் படுக்க வைத்தேன். மறைக்க வேண்டியதை ஷோகேஸில் வைத்த புத்திசாலி உறையூரிலேயே நான் ஒருவன்தான்.

அடுத்த வருடம் பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். என் வருங்கால மாமனார் ஷோகேஸ் முன்னால் நின்று, "என்ன மாப்ள, முள்ளு ஒடஞ்ச பேனாவ இப்புடி வெச்சிருக்கீங்க?" என்றார். கொய்யா விதை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் நிம்மதியான பிரம்மச்சாரி. "தூக்குத் தண்டனை எழுதினதும் ஜட்ஜ் முள்ளை ஒடச்சிடுவாரு இல்லீங்களா, அந்தப் பேனா. அப்பா கையில குடுத்துட்டாரு" என்றேன். அம்மா உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். கூடத்தில் இருந்திருந்தால் வழக்கு அன்றே தள்ளுபடி. மாமனார் பேனாவைப் பார்த்துக் கைகூப்பினார். நாலாம் நாள் பூ வைக்க வந்துவிட்டார்கள்.

இருபத்திரண்டு வருடம் ஆகிறது. யாரும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 29

நேற்று மாவடு உப்பில் போடுவதற்காக மங்கை கூப்பிட்டதால் பாதியில் நிறுத்தினேன். மங்கை என்பது என் மனைவி, முழுப்பெயர் மங்கையர்க்கரசி. முழுப்பெயரை அவள் கோபமாக இருக்கும்போது நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

எங்கள் மகள் நிறைமதி பிளஸ் ஒன் முடித்திருக்கிறாள். பள்ளிக்குப் புதிதாக ஃபிளாரன்ஸ் மிஸ் என்று ஒருவர் வந்திருக்கிறார். கோடை விடுமுறை பிள்ளைகளுக்குக் கெடுதல் என்பது அவர் கொள்கை. ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மதிக்கு வாய்த்தது நானூறு பக்கம்: தூக்குத் தண்டனை, போலீஸ் விசாரணை, பொய்ச் சாட்சி, கருணை மனு.

"லீவுல படிக்க வேற சாவே கெடைக்கலையா அந்த மிஸ்ஸுக்கு?" என்றாள் மங்கை.

படித்தால் மட்டும் போதாது. வாரம் ஒரு முறை வீட்டுப் பெரியவர் ஒருவரோடு விவாதித்து, தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். பள்ளி திறக்கும் அன்று மேடையில் பத்து நிமிடம் பேச வேண்டும். சட்டத்தோடு தொடர்புள்ள ஒரு பொருளைக் கையில் கொண்டுவந்து காட்டிப் பேச வேண்டும்.

"நம்ம வீட்லயே இருக்கேப்பா" என்றாள் மதி. "தாத்தா பேனா."

முதல் வாரத் தாளில் 'படித்தேன், விவாதித்தேன்' என்று கையெழுத்துப் போட்டேன். புத்தகத்தின் அட்டை என்ன நிறம் என்று கேட்டால் தெரியாது.

மே 2

மொட்டை மாடியில் கூழ் வடகம் பிழிந்துகொண்டிருந்தேன். மங்கை பிழிந்தால் அது வேலை. நான் பிழிந்தால் உதவி. மதி நோட்டுப் புத்தகத்தோடு வந்து தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தாள்.

"அப்பா, தாத்தா கேஸ்ல தூக்குல போட்டாங்கல்ல, அவரு பேரு என்ன?"

இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிவரும் கதையில் ஒரு பிணம் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. முறுக்குக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு, யோசிப்பவன் போல் படிக்கட்டுக் கதவுப் பக்கம் பார்த்தேன். அங்கே பழைய காலண்டர் ஒன்று தொங்கியது. 'ரத்தினவேல் அண்டு கோ, கம்பி மற்றும் சிமெண்ட்.'

"ரத்தினவேல்" என்றேன்.

மதியும் காலண்டரைப் பார்த்தாள். தேதி பார்த்திருப்பாள்.

"எந்த வருஷம்?"

"எழுபத்தொம்பது."

"என்ன பண்ணாரு?"

"வாய்க்கா தண்ணி தகராறு. பங்காளிய அருவாளால வெட்டிட்டான்."

எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டாள். அவள் போனபின் பார்த்தால், பேசிக்கொண்டே ஒரே இடத்தில் பிழிந்த வடகம் சாணி உருண்டை மாதிரி குவிந்திருக்கிறது.

மே 4

கத்திரி ஆரம்பம். மோட்டார் புகைந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருகிறேன் என்றார். அவரும் ஒரு சாட்சி மாதிரிதான், வாய்தாவுக்கு வருவதில்லை.

மே 7

"ஹைகோர்ட் என்னப்பா சொல்லுச்சு?"

"எதப் பத்தி?"

"ரத்தினவேல் பத்தி. ஜில்லா ஜட்ஜ் தூக்கு போட்டா அது அப்படியே நடக்காதாம்ப்பா. ஹைகோர்ட் உறுதி பண்ணணுமாம். அப்புறம் சுப்ரீம் கோர்ட். அப்புறம் ஜனாதிபதிக்குக் கருணை மனு."

ஒரு மனிதனைக் கொல்ல இத்தனை படி ஏற வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தால் வேறு பொய் சொல்லியிருப்பேன். "உறுதி பண்ணிட்டாங்க" என்றேன். "மனு?" "தள்ளுபடி." மூன்று வார்த்தையில் நாட்டின் மூன்று வாசலையும் அவனுக்குச் சாத்தினேன். பிறகு எழுந்துபோய் மோர் குடித்தேன்.

மே 11

மச்சான் வந்தார். மங்கையின் அண்ணன் தட்சிணாமூர்த்தி, வக்கீல். நோட்டரி முத்திரை வைத்திருக்கிறார்; அதை வைத்து உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் சான்று கொடுப்பார். நுங்கு வாங்கி வந்திருந்தார். என் பேனாக் கதையை என்னைவிட அதிக இடங்களில் சொன்னவர் அவர்தான். பார் அசோசியேஷன் வரை கொண்டுபோயிருக்கிறார்.

மதி சும்மா இருக்கவில்லை. "மாமா, ரத்தினவேல் கேஸ் உங்களுக்குத் தெரியுமா? எழுபத்தொம்பது, வாய்க்கா தகராறு."

நான் நுங்கை முழுதாக விழுங்கிவிட்டேன். தெரியாது என்று மச்சான் சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. ஆனால் என் மச்சான் தன் வாழ்நாளில் ஒரு விஷயத்தையும் தெரியாது என்று சொன்னவரில்லை.

"ஏன் தெரியாது? நான் அப்ப ஒம்பதாவது. கோர்ட்டு வாசல்ல தேர்க் கூட்டம். ரத்தினவேல் நல்ல நெட்டை. எடது கண்ணுல பூ விழுந்திருக்கும்."

அவனைப் படைத்த நான் அவனுக்கு இன்னும் மூக்குக்கூட வைக்கவில்லை. அவர் கண்ணுக்குப் பூ வைத்துவிட்டார்.

"கண்ணாடி போட்டிருந்தாரா மாமா?" என்று மதி சாதாரணமாகக் கேட்டாள்.

"போட்டிருந்தாரு. கறுப்பு பிரேம்."

"அன்னிக்கு மழை பெஞ்சுதா?"

"பெஞ்சுதே. போலீஸ்காரன் ஒருத்தன் அவனுக்குக் கொட புடிச்சான். எனக்கு இன்னிக்கும் கண்ணுலயே நிக்கிது."

மதி எழுதினாள். நடுநடுவே என்னைப் பார்த்தாள். நான் நுங்குத் தோலை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

மே 12

மங்கையும் சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டாள். தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்: "எங்கப்பாகூட சொல்லியிருக்காரு மதி. தீர்ப்பு சொன்னதும் அந்தாளு சம்சாரம் கோர்ட்டுலயே மயக்கம் போட்டு விழுந்துட்டாளாம். கையில கைப்புள்ள."

என் மாமனார் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டிருக்க முடியாது, அவர் தவறிய பிறகுதான் அந்த சிமெண்ட் கடையே திறந்தார்கள். ஆனால் மங்கை பொய் சொல்கிறவள் இல்லை. அவளுக்கு உண்மையாகவே ஞாபகம் இருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆக, ரத்தினவேலுக்கு இப்போது கல்யாணமாகி, குழந்தையும் பிறந்துவிட்டது.

மே 15

அலுவலகத்துக்குப் போக வேட்டியா பேண்ட்டா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, "அப்பா, ஒரு சந்தேகம்" என்று வந்தாள்.

"இனிமே அந்தப் பேனாவால யாரும் எழுதக்கூடாதுன்னுதானே முள்ள ஒடைக்கிறாங்க. ஒரு உசுர எடுத்த பேனா. அத யாராச்சும் வீட்டுக்கு எடுத்துட்டு வருவாங்களா? நீங்களா இருந்தா எடுத்துட்டு வருவீங்களா?"

"தாத்தாவுக்கு மூடநம்பிக்கை கெடையாது."

"தாத்தா வெள்ளிக்கெழம நகம்கூட வெட்ட மாட்டாருன்னு நீங்கதான சொன்னீங்க."

பேண்ட் என்று முடிவு செய்தேன். பஸ் போய்விட்டது.

உண்மையில் அப்பா கோர்ட்டு சமாசாரம் எதையும் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. செருப்போடு சேர்த்து வெளியிலேயே கழற்றிவிடுவார். நிஜமாகவே தூக்குத் தண்டனை எழுதிய நாட்கள் அவர் காலத்தில் இருந்தனவா என்றுகூட எனக்குத் தெரியாது. சில நாள் வந்ததும் வராததுமாகக் குளிப்பார். கேட்டதில்லை.

மே 18

இரண்டாம், மூன்றாம் வாரத் தாள்களில் கையெழுத்துப் பாக்கி. "விவாதிச்சாத்தான் கையெழுத்து" என்றாள் மதி. போன தலைமுறையில் பிள்ளைகள் அப்பா கையெழுத்தைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். நான் போட்டிருக்கிறேன்.

"ரத்தினவேல் குத்தவாளி இல்லன்னு நெனைக்கிறேன்ப்பா."

"ஏன்?"

"மொதல்ல அருவான்னீங்க. போன வாரம் அம்மாகிட்ட சொல்றப்ப கடப்பாறைன்னீங்க. ஆயுதமே மாறுது. மாமா மழை பெஞ்சுதுங்கிறாரு. வயல்ல மழைத் தண்ணி நிக்கிறப்ப எவனாச்சும் வாய்க்கா தண்ணிக்கு வெட்டிக்குவானா?"

எனக்குக் கோபம் வந்தது. எதற்கென்று தெரியவில்லை. "அவனே ஒத்துக்கிட்டானே" என்றேன்.

"எங்க?"

"போலீஸ்ல."

"போலீஸ்ல ஒத்துக்கிட்டது கோர்ட்ல செல்லாதுப்பா. அடிச்சாங்களா?"

"அடிச்சிருப்பாங்க."

சொல்லி வாயை மூடிய பிறகுதான் உறைத்தது. பிறக்காத ஒருவனை நானே பெற்று, நானே பிடித்துக் கொடுத்து, நானே அடிக்கவும் வைத்துவிட்டேன். எதிரியின் ஆயுதம் என்னவென்று தெரிந்துகொள்வோம் என்று மத்தியானம் அவள் புத்தகத்தை எடுத்தேன். அட்டை சாம்பல் நிறம். எண்பது பக்கம் படித்தேன். நல்லவர்கள் எப்படிப் பொய்ச்சாட்சி சொல்கிறார்கள் என்று ஒரு அத்தியாயம். கெட்டவர்கள் சொல்வதைவிட நல்லவர்கள் சொல்வதுதான் ஆபத்தாம். அவர்கள் குறுக்கு விசாரணையில் கலங்குவதில்லையாம். ஓரத்தில் மதி பென்சிலால் 'மாமா' என்று எழுதியிருந்தாள். இன்னொரு பக்கத்தில் 'அம்மா'. 'அப்பா' எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை. நிம்மதியாக மூடினேன்.

மே 20

இன்றைக்கு வந்தது இடி.

"அப்பா, தகவல் உரிமைச் சட்டத்துல மனு எழுதிட்டேன். ரத்தினவேல் வழக்கு நம்பர், தீர்ப்பு நகல், அவங்க குடும்ப விலாசம் எல்லாம் கேட்டிருக்கேன். மாமா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. பதில் நம்ம வீட்டுக்கு வரும்."

"எதுக்கும்மா இவ்வளவு?"

"மேடையில அவங்க குடும்பத்துகிட்ட மன்னிப்பு கேக்கப் போறேன். தாத்தா அந்த ரூம்ல இருந்தாரு இல்ல, அவரு சார்பா. சீஃப் கெஸ்ட் யாரு தெரியுமா? ரிட்டையர்டு ஜட்ஜ்."

அதாவது ஜூன் ஒன்பதாம் தேதி, ஆயிரம் பிள்ளைகள், அறுபது ஆசிரியர்கள், ஒரு நிஜ நீதிபதி முன்னிலையில், என் மகள் ஒரு சிமெண்ட் கடைக்காகக் கண்ணீர் விடுவாள். பொய் என்று தெரிந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தால் பழகிய விஷயம்; பத்திரிகைக்குத் துணுக்கு எழுதுகிறவனுக்கு அதுதான் கூலி. அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அதற்கு முன் ஒரு வழி: இப்போதே சொல்லிவிடுவது.

சொல்லவில்லை. காஸ் சிலிண்டர் வந்துவிட்டது.

மே 23

சொல்லலாம் என்று போனேன். மதி தூங்கிக்கொண்டிருந்தாள்.

மே 24

சொல்லலாம் என்று போனேன். விழித்துக்கொண்டிருந்தாள். "என்னப்பா?" என்றாள். "ஃபேன் ஓடுதான்னு பாத்தேன்" என்றேன்.

மே 26

அமாவாசை. காக்காய்க்குச் சோறு வைக்க மங்கை மாடிக்குப் போனாள். வழக்கமாக இலையில் நாலு உருண்டை: என் அப்பா, அம்மா, அவள் அப்பா, அம்மா. இன்றைக்கு ஐந்து இருந்தது.

"இது யாருக்கு?"

"ரத்தினவேலுக்கு. பாவம், அந்தாளுக்கு யாரு வெக்கிறாங்களோ என்னமோ. நம்ம வீட்டுப் பேனாவாலதானே எழுதுனாங்க."

காகங்கள் வந்து முதலில் ஐந்தாவது உருண்டையைத்தான் கொத்தின. பிறந்தவன், பிறக்காதவன் என்று அவை பாரபட்சம் பார்ப்பதில்லை. மங்கை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் அங்கே நிற்க முடியாமல் கீழே வந்து, அவசியமே இல்லாமல் செருப்பு ஸ்டாண்டைத் துடைத்தேன்.

மே 29

தூக்குக் கைதிகள் கருணை மனுவின் பதிலுக்காகக் காத்திருப்பதைப் பற்றி அந்தப் புத்தகத்தில் இருபது பக்கம் வருகிறது. காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார்களாம். எனக்கு சைக்கிள் மணி. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, தபால்காரர் பீட்டர் தெருமுனையில் திரும்பும்போதே நான் கேட்டில் நிற்கிறேன்.

"என்ன சார், தெனம் நிக்கிறீங்க? இன்டர்வியூ எதுவும் போட்டிருக்கீங்களா?"

ஐம்பத்தொரு வயதில் இப்படி ஒரு கேள்வி. மங்கை வேறு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏங்க, யாரு லெட்டர் போடப் போறா உங்களுக்கு?" என்றாள். அந்த 'யாரு'வில் ஒரு பெண் வாடை அடித்தது. குற்றம் ஒன்று, சந்தேகம் வேறொன்று. இதுவும் புத்தகத்தில் இருக்கிறது, பக்கம் 212.

ஜூன் 3

வந்துவிட்டது. பழுப்புக் கவர். பெறுநர்: நிறைமதி. அனுப்புநர் இடத்தில் ஒரு முத்திரை, மை பரவி எதுவும் படிக்க முடியவில்லை. மதி தையல் வகுப்புக்குப் போயிருந்தாள். மங்கை பக்கத்து வீட்டில்.

செய்ததை அப்படியே எழுதுகிறேன். இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, ஆவியில் கவரைக் காட்டினேன். ஒட்டு இளகியது, என் விரலும்தான். உள்ளே கோர்ட்டுத் தாள் எதுவும் இல்லை. மதியின் பள்ளித் தாள். வாரா வாரம் நான் கையெழுத்துப் போடுவேனே, அதே அச்சடித்த தாள். அவள் கையெழுத்தில் நிரப்பியிருந்தாள்:

'ஆறாவது வாரம். விவாதித்த பொருள்: உண்மையைச் சொல்ல ஒரு மனிதருக்கு எத்தனை நாள் ஆகும்? பெற்றோர் கையொப்பம்:'

அதற்குப் பிறகு ஒரு கோடு. காலியாக.

ஒரு நல்ல அப்பா அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருப்பார். நான் தாளை மடித்து உள்ளே வைத்து, சோற்றுப் பருக்கையால் கவரை ஒட்டி, மின்விசிறிக்குக் கீழே காய வைத்தேன். மதி வந்ததும் நீட்டினேன். "ஒனக்குத் தபால்."

அவள் கவரைத் தடவிப் பார்த்தாள். ஒரு பருக்கையை நகத்தால் எடுத்தாள்.

"ஈரமா இருக்கேப்பா."

"மழை" என்றேன்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மதி ஜன்னலைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்து, அன்று மாமாவைக் கேட்ட அதே சாதாரணக் குரலில் கேட்டாள்:

"மழை பெஞ்சுதாப்பா?"

பெய்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். குடை, போலீஸ்காரன், கறுப்பு பிரேம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் நானும் மச்சான் ஆகிவிடுவேன்.

"இல்ல. பெய்யல" என்றேன்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. கொய்யா விதையிலிருந்து இட்லிப் பானை வரைக்கும் நின்றவாக்கிலேயே சொல்லி முடித்தேன். மதி நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"வடகம் புழிஞ்ச அன்னிக்கே. மனுவ தபால்லயே போடலப்பா. மாமா கையெழுத்தோட என் பையிலதான் கெடக்கு. கவர நான்தான் பெரிய போஸ்டாபீஸ்ல போட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. ஒரு மாசம் என்னைய வறுத்து எடுத்திட்டியேம்மா."

"நான் சொன்னா அது கண்டுபுடிச்சதுப்பா. நீங்க சொன்னாத்தான் ஒத்துக்கிட்டது."

"நான் சொல்லாமலே போயிருந்தா?"

அவள் கவரிலிருந்து இன்னொரு பருக்கையை எடுத்தாள். "ஒம்பதாம் தேதி அன்னிக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லி மேடைக்குப் போகாம இருந்திருப்பேன்" என்றாள். என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருக்க அவளும் ஒரு பொய் தயாராக வைத்திருந்தாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உள்ளே ஏதோ செய்தது. ஆவிப் புண் என்று வைத்துக்கொள்வோம்.

தாளில் கையெழுத்துப் போட்டேன். அந்த ஆறு வாரத்தில் விவாதித்துப் போட்ட ஒரே கையெழுத்து.

ஜூன் 4

மங்கையிடமும் சொல்லியாயிற்று. கல்யாணம் ரத்தாகும் என்று எதிர்பார்த்தேன்.

"எங்கப்பா பேனாவப் பாத்தா பொண்ணு குடுத்தாரு? உங்க வீட்டுக் கெணத்துல சித்திரையிலயும் தண்ணி இருந்துச்சு. அதப் பாத்துட்டுக் குடுத்தாரு" என்றாள்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். அவள் கண் மெல்ல மெல்லப் பெரிதாயிற்று.

"ஏங்க. பல்லு குத்துனீங்களா அதால? வாயிலயா வெச்சீங்க?"

"ஆமா."

"கழுவுனீங்களா?"

யோசித்தேன்.

"இருபத்திரண்டு சரஸ்வதி பூஜைக்கு அந்த எச்சிப் பேனாவுக்கு சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை படைச்சு, சூடம் காட்டியிருக்கேன் நான். புள்ளைய அது முன்னாடி விழுந்து கும்பிட வெச்சிருக்கேன்."

இருபத்திரண்டு வருடப் பொய்க்கு மன்னிப்பு உண்டு, எச்சிலுக்குக் கிடையாது. சமையலறையிலிருந்து இரண்டு நாளாகத் தட்டு தானாகவே மேசைக்கு வருகிறது, சத்தத்தோடு. ஐந்தாவது உருண்டையைப் பற்றி மட்டும் பிறகு ஒரு முறை கேட்டாள்: "அப்ப அத யாரு சாப்ட்டா?"

ஜூன் 9

விழா. பின்வரிசையில் தூணுக்குப் பின்னால் நாற்காலி பிடித்தேன்.

மதி பேனாவைத் தூக்கிக் காட்டினாள். "இந்தப் பேனாவால யாரும் தூக்குத் தண்டனை எழுதல. ஆனா எங்க வீட்ல இதால ஒருத்தரத் தூக்குல போட்டோம். அதுக்கு ஒரு மாசம் ஆச்சு. மூணு சாட்சி. மூணு பேருமே நல்லவங்க" என்று ஆரம்பித்தாள். கண்ணில் பூ, கறுப்பு பிரேம், குடை, கைக்குழந்தை, காக்காய்ச் சோறு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "எங்க ரத்தினவேல் பொறக்கவே இல்ல. அதனால எங்களால அவர திருப்பிக் கொண்டுவர முடிஞ்சுது" என்று முடித்தாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

கொய்யா விதையை அவள் சொல்லவில்லை. 'ஒரு சின்ன விபத்து' என்றாள். தண்டனைக் குறைப்பு.

நீதிபதி மைக்கை வாங்கினார். ஒல்லியான, காது கொஞ்சம் மந்தமான மனிதர். "நான் முள்ள ஒடச்சதில்லம்மா. எங்க காலத்துல பால்பாயிண்ட் வந்துருச்சு, ஒடைக்க முள்ளு ஏது" என்றார். சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். "ஒரே ஒரு தடவ எழுதியிருக்கேன். ஹைகோர்ட்டு அத ஆயுளா மாத்துச்சு. என் தீர்ப்பு தப்புன்னு மேல சொல்லி, நான் சந்தோசப்பட்டது அந்த ஒரு வழக்குலதான்." உட்கார்ந்துவிட்டார்.

நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூணில் பார்க்க ஒன்றும் இல்லை.

ஜூன் 10

மச்சான் போன் செய்தார். மங்கை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம்.

"நீ பொய் சொல்லியிருக்கலாம் மாப்ள. நான் ஒன்னையத் தப்பா நெனைக்கல. ஆனா ரத்தினவேலத் தூக்குல போட்டது நெசம். நான் பாத்தேன்ல."

"மச்சான், அது சிமெண்ட் கட காலண்டர்."

"அது வேற ரத்தினவேலா இருக்கும்."

ஜூன் 11

மாவடு நன்றாக ஊறிவிட்டது. மங்கை இன்று இரண்டு துண்டு கூடுதலாக வைத்தாள். விடுதலையின் முதல் அறிகுறி.

திங்கட்கிழமை விழா முடிந்ததும் ஃபிளாரன்ஸ் மிஸ் என்னைத் தேடி வந்தார். மதியின் கட்டுரையை மாவட்ட அளவில் அனுப்பப் போகிறாராம். "இதெல்லாம் நடக்க நடக்க நீங்க எங்கயாச்சும் குறிச்சு வெச்சிருக்கீங்களா சார்? அன்னன்னிக்கு எழுதினதுக்குத்தான் சாட்சியத்துல மதிப்பு" என்றார். அவர் கண்ணாடிக்குப் பின்னால் அத்தனை மரியாதை. பக்கத்தில் மதி இல்லை. "எனக்கு தெனமும் டைரி எழுதுற பழக்கம் உண்டு மேடம். ஏப்ரல் இருபத்தெட்டுலேருந்து ஒண்ணு விடாம இருக்கு" என்றேன். வியாழக்கிழமைக்குள் கொடுத்தனுப்பச் சொன்னார்.

நாளை வியாழன். இந்த நோட்டை நான் வாங்கியது நேற்றுச் சாயங்காலம்.